ஐந்தாவது தொகுதியின் எல்லை

மக்கள்தொகையைச் சமமாகப் பிரித்துவிட்டால் தொகுதி மறுவரையறை நியாயமாகிவிடும் என்பவர்களுக்கு, அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஐந்தாவது காங்கிரஸ் தொகுதியின் கதையைத்தான் நான் சொல்வேன். நான் வசிக்கும் டீகால்ப் கவுண்டி ஒரு காலத்தில் முழுவதுமாக அதற்குள் இருந்தது.

1931இல் வரைந்த எல்லையை மாநிலச் சட்டமன்றம் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தொடவே இல்லை. அதற்குள் தொகுதியிலிருந்த அட்லாண்டா நகரம் பெருத்துவிட்டது. 1960 கணக்கெடுப்பில் ஐந்தாவது தொகுதியில் 8,23,680 பேர். ஒன்பதாவதில் 2,72,154 பேர். இரண்டுக்கும் பிரதிநிதிகள் சபையில் ஒவ்வோர் உறுப்பினர்தான். சட்டமன்றமோ கிராமக் கவுண்டிகளின் பிடியில் இருந்தது. தங்கள் பலத்தைக் குறைக்கும் வரைபடத்துக்கு அவர்கள் எப்படிக் கை தூக்குவார்கள்? உச்ச நீதிமன்றமும் 1946இல் இலினாய் மாநில வழக்கில், தொகுதி எல்லை அரசியல் விவகாரம் என்று ஒதுங்கியிருந்தது.

இருந்தும் இந்த ஏற்றத்தாழ்வை எதிர்த்து, அதே தொகுதியின் ஃபுல்டன் கவுண்டி வாக்காளர் ஜேம்ஸ் வெஸ்பெரி வழக்குத் தொடுத்தார். 1964 பிப்ரவரி 17 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதி ஹ்யூகோ பிளாக் எழுதிய தீர்ப்பு, காங்கிரஸ் தேர்தலில் ஒருவர் வாக்கின் மதிப்பு இன்னொருவர் வாக்குக்கு இயன்றவரை சமமாக இருக்க வேண்டும் என்றது.

தலைக்கணக்கு நேரானது, கோடு நேராகவில்லை. மார்ட்டின் லூதர் கிங்கோடு களத்தில் நின்ற கறுப்பினத் தலைவர் ஆண்ட்ரூ யங் 1970இல் இங்கே போட்டியிட்டுத் தோற்றார். மறு ஆண்டு சட்டமன்றம் வரைந்த எல்லை அவர் வீட்டையே தொகுதிக்கு வெளியே தள்ளியது. ஆனால் 1965 வாக்குரிமைச் சட்டப்படி, வாக்குரிமையில் இனப் பாகுபாடு காட்டிய ஜார்ஜியா போன்ற மாநிலங்களின் புதிய எல்லைகளுக்கு அப்போது மத்திய அரசின் முன் ஒப்புதல் தேவைப்பட்டது. மத்திய அரசின் நீதி அமைச்சகம் ஒப்புதல் தர மறுத்தது. கோடு திருத்தப்பட்டது. 1972இல் யங் வென்றார். பின்னாளில் குடிமை உரிமைப் போராளி ஜான் லூயிஸ் 1987 முதல் 2020இல் மறையும்வரை இதே தொகுதியின் குரலாக இருந்தார்.

அந்த முன் ஒப்புதலை 2013இல் உச்ச நீதிமன்றம் முடக்கியது. கட்சி லாபத்துக்காக எல்லை வளைப்பதை மத்திய நீதிமன்றங்கள் விசாரிக்க முடியாது என்று 2019இல் கையும் விரித்தது.

2021 கோடையில் ஜார்ஜியாவில் ஊர் ஊராகக் கருத்துக் கேட்புக் கூட்டங்கள் நடந்தன. நானும் போனேன். புதிய வரைபடம் அப்போது வெளியாகவே இல்லை. கண்ணில் காட்டாத கோட்டைப் பற்றி ஜனங்கள் என்ன சொல்வார்கள்? முதலில் வரைபடத்தை வையுங்கள். ஒவ்வொரு வளைவுக்கும் காரணம் எழுதுங்கள். பிறகு எங்களைக் கேளுங்கள். யங்கின் வீட்டை விலக்கிய கோட்டுக்கு அப்படி ஒரு காரணத்தை ஊர் முன்னால் யாராலும் எழுதியிருக்க முடியாது.