பொரிப்பானுக்குப் பிறகு: 'தாய்' என்ற சொல்லின் வழியே ஒரு வரலாறு

கோழி வளர்ப்பின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் குஞ்சு பொரிப்பானின் வரலாற்றையே எழுதுகின்றனர். எகிப்தின் மண் அடுப்புகளில் தொடங்கி, ஐரோப்பிய வெப்பமானியைக் கடந்து, மின்சாரப் பொரிப்பகத்தில் அது வந்து நிற்கிறது. ஓடு உடைந்ததும் அத்தியாயம் முடிந்துவிடுகிறது. ஆனால் குஞ்சுக்கு உண்மையான நெருக்கடி அதன் பின்னரே தொடங்குகிறது. பொரிப்பானிலிருந்து புரூடர் வரையிலான அந்தச் சிறு தொலைவை வரலாற்றில் யார் கடத்திவைத்தார்கள் என்பதே இப்பதிவின் கேள்வி.

முதலில் உடலியலைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ஏறத்தாழ 37.5 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 21 நாள் இருந்து வெளிவரும் குஞ்சுக்குத் தன் உடல்வெப்பத்தைத் தானே நிலைநிறுத்தும் திறன் இன்னும் கைவந்திருப்பதில்லை. ஈரம் உலர்ந்து தூவி விரிந்த பிறகே அதை இடம் மாற்றுவர். புரூடரில் முதல் வாரம் சுமார் 35 டிகிரி வெப்பம் தேவை. பிறகு வாரந்தோறும் சிறிது சிறிதாகக் குறைக்கப்படும். குளிர்ந்தால் குஞ்சுகள் விளக்கடியில் ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கும். வெப்பம் மிகுந்தால் ஓரங்களுக்கு விலகி வாய்திறந்து இரைக்கும். இரவில் எழுந்து இந்தக் குறிகளைப் படிக்க ஒருவர் வேண்டும். தாய்க்கோழி இருந்தால் அதன் சிறகே அந்த ஒருவர்.

எகிப்தில் எருக்குவியலில் முட்டைகளைப் புதைத்துப் பொரிக்கவைப்பதை அரிஸ்டாட்டில் குறிப்பிட்டிருக்கிறார். பின்னாளில் அங்குச் சென்ற பயணிகள், முட்டையைக் கண்ணிமையில் ஒற்றி வெப்பத்தைக் கணித்த அடுப்புப் பணியாளர்களை வியந்து எழுதினர். பொரித்த குஞ்சுகள் குடியானவர்களின் வீடுகளுக்குச் சென்றபின் அவற்றை வளர்த்தவர்களைப் பற்றி அவர்கள் அந்த அளவுக்கு எழுதவில்லை. இந்த இடைவெளியைத் தொழில்நுட்பச் சிக்கலாகவே எடுத்துக்கொண்டவர்களில் முக்கியமானவர் பிரெஞ்சு அறிஞர் ரேயோமூர். 1749-இல் வெளியான தம் நூலில், பொரிக்கும் முறையோடு, உட்புறம் ஆட்டுரோமத் தோல் பதித்த பெட்டி ஒன்றையும் அவர் விவரித்தார். அதற்கு அவர் இட்ட பெயர் 'செயற்கைத் தாய்'. விக்டோரியா கால இங்கிலாந்திலும் புரூடர் 'வளர்ப்புத் தாய்' என்றே வழங்கியது. கருவி மாறியபோதும் பெயரில் தாய் நீங்கவில்லை.

பொரிப்பதற்குச் சற்று முன் மஞ்சள் கருவின் எஞ்சிய பகுதி குஞ்சின் வயிற்றுக்குள் இழுக்கப்படுகிறது. அதைக்கொண்டு இரை இன்றி இரண்டு, மூன்று நாள் அது தாங்கும். வணிகம் இந்த அவகாசத்தைப் பற்றிக்கொண்டது. அமெரிக்காவில் 1892-இல் ஒரு நாள் குஞ்சுகள் ரயிலேறின. 1918-இல் அஞ்சல் துறையே அவற்றை ஏற்றது. இவ்வாறு பொரிக்கும் இடமும் வளர்க்கும் இடமும் நூற்றுக்கணக்கான மைல் பிரிந்தன.

இந்தியாவில் இப்பிரிவு வேறொரு வடிவம் கொண்டது. இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டக் காலம் முதல் அரசுப் பண்ணைகள் வழியே வெள்ளை லெகார்ன் போன்ற அயல் இனங்கள் பரப்பப்பட்டன. லெகார்ன் நிறைய முட்டையிடும். ஆனால் அடை படுக்கும் குணம் பெரிதும் நீங்கும்படி தெரிவு செய்யப்பட்ட இனம் அது. அடை படுக்கும் நாள்களில் கோழி முட்டையிடாது என்பதால், உற்பத்திக் கணக்கில் அக்குணம் ஒரு குறையாகவே எண்ணப்பட்டது. ஆக, புதிய இனம் வந்த வீட்டில் முட்டை பெருகலாம், தாய் இராது. மின்சாரம் எட்டாத ஊரில் அந்த வெற்றிடத்தை நிரப்ப இருந்தவை நாட்டுக் கோழியின் சிறகு, மண்ணெண்ணெய் விளக்கு, தணல் இட்ட சட்டி ஆகியவையும் அவற்றைக் கவனிக்கும் ஒரு மனிதரின் உறக்கமற்ற இரவுகளுமே.

இதை நிறுவனங்கள் வெளிப்படையாக ஒப்புக்கொண்ட இடம் 'தாய் அலகு' என்னும் ஏற்பாடு. குராய்லர் கோழியைப் பரப்பிய கெக்ஃபார்ம்ஸ், ஒரு நாள் குஞ்சுகளைச் சிறு வளர்ப்பாளர்களிடம் ஒப்படைத்தது. தடுப்பூசியும் வெப்பமும் பெற்றுச் சில வாரம் தேறிய குஞ்சுகளையே மிதிவண்டி வணிகர்கள் சிற்றூர்களுக்குக் கொண்டுசென்றனர். நடுவண் அரசின் புறக்கடைக் கோழி வளர்ப்புத் திட்டமும் இதே பெயரில், நான்கு வாரம் வளர்த்த குஞ்சுகளை ஏழைக் குடும்பங்களுக்கு அளித்தது. மத்தியப் பிரதேசத்தின் கேஸ்லாவில் நடந்தது இன்னும் கூர்ந்து நோக்கத்தக்கது. பிரதான் அமைப்பின் துணையோடு திரண்ட பழங்குடிப் பெண்கள், ஒரு நாள் குஞ்சுகளை வாங்கித் தம் வீட்டருகே கொட்டகையில் தாமே வளர்த்துக் கூட்டுறவின் வழி விற்றனர். அங்கே குஞ்சைக் காக்கும் உழைப்பு வருமானமாகக் கணக்கில் ஏறியது.

சொல்லாராய்ச்சி பயின்றவள் என்ற முறையில் ஒன்றைச் சுட்ட விரும்புகிறேன். தமிழில் 'அடைகாத்தல்' முட்டைக்கு உரியது. பொரித்த பின்னான பராமரிப்பையும் அச்சொல்லாலேயே நம் கையேடுகள் குறிக்கின்றன. இல்லையேல் 'புரூடிங்' என்று ஒலிபெயர்க்கின்றன. கோழிக்கு இயல்பு, வீட்டுப் பெண்ணுக்கு வழக்கம் என்று கொள்ளப்பட்ட ஒரு வேலைக்குத் தனிப்பெயர் தேவைப்படாமல் போயிருக்கலாம். ரேயோமூரின் பெட்டிக்கும் இன்றைய அரசுத் திட்டத்துக்கும் தாயின் பெயரே கிடைத்ததும் இதன் மறுபக்கம்தான்: வேலைக்குச் சொல் இல்லாத இடத்தில் செய்பவரின் உறவுப்பெயர் வந்து அமர்கிறது.

2019-ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பு, நாட்டில் 85 கோடிக்கு மேற்பட்ட கோழியினப் பறவைகளையும் அவற்றுள் ஏறத்தாழ 31.7 கோடி புறக்கடைப் பறவைகளையும் பதிவு செய்தது. பறவைகளின் தலையை எண்ணுவது அதன் பணி. விளக்கைத் தூண்டிய கைகளை எண்ணுவது அன்று. ஊரக உழைப்பின் வரலாற்றை ஆராய வரும் மாணவர்கள் பண்ணைப் பதிவேடுகளோடு நின்றுவிடாமல், முதல் வாரக் குஞ்சை யார் பார்த்துக்கொண்டார்கள் என்று வீடுகளிலும் கேட்டு எழுதுங்கள். அந்த வாய்மொழிகளைச் சொல்லக்கூடிய தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது.