உங்க மெஷின்ல என்ன இருக்கு? லினக்ஸ் கெர்னல் கேட்ட கேள்வியின் கதை

போன மாசம் ஒரு பழைய லேப்டாப்புக்கு நானே லினக்ஸ் கெர்னலை கான்ஃபிகர் பண்ணி கம்பைல் பண்ணினேன். ராத்திரி முழுக்க ஓடுச்சு. காலையில ரீபூட் பண்ணினா, 'கெர்னல் பேனிக்'. ரூட் ஃபைல் சிஸ்டத்தை மவுண்ட் பண்ண முடியலன்னு கறுப்புத் திரையில ஒரு வரி. கெர்னல் எழுந்துடுச்சு, ஆனா ஹார்ட் டிஸ்க் இருக்கிறதே அதுக்குத் தெரியல.

ஹார்டுவேருக்கும் நாம ஓட்டுற புரோகிராம்களுக்கும் நடுவுல நிக்கிற மென்பொருள்தான் கெர்னல். நம்ம மெஷின்ல என்ன ஹார்டுவேர் இருக்குன்னு அதுக்கு யார் சொல்றது? இந்தக் கேள்விக்கு 30 வருஷத்துக்கும் மேலான வரலாறு இருக்கு.

1991 செப்டம்பர். ஹெல்சின்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 0.01 பதிப்பை வெளியிட்டார். மொத்தமே சுமார் 10,000 வரிகள். அதுல மெனு எல்லாம் கிடையாது. 'கான்ஃபிக்.ஹெச்'னு ஒரு சின்ன ஃபைல், அதுல ரெண்டே சாய்ஸ். ஒண்ணு லினஸோட மெஷின், 8 எம்பி மெமரி. இன்னொண்ணு அவரோட நண்பர் லார்ஸ் விர்சீனியஸோட மெஷின், 4 எம்பி. உங்க டிஸ்க் வேறயா? அதோட ஹெட், செக்டர், சிலிண்டர் எண்ணிக்கையை நீங்களே அந்த ஃபைல்ல எழுதி கம்பைல் பண்ணணும். கீபோர்டு கூட ஃபின்னிஷ்தான்!

அப்புறம் உலகம் முழுக்க ஆட்கள் சேர்ந்தாங்க. அவங்கவங்க மெஷினுக்கு டிரைவர் எழுதி அனுப்பினாங்க. ஒவ்வொரு டிரைவரும் ஒரு கேள்வியா மாறிச்சு. 'மேக் கான்ஃபிக்'னு அடிச்சா வரிசையா கேட்கும். 'ஒய்'னா கெர்னலுக்குள்ளேயே சேரும். 'என்'னா வேண்டாம். 'எம்'னா மாட்யூல், அதாவது தேவைப்படும்போது ஏத்திக்கிற தனி ஃபைல். ஒரு பதிலைத் தப்பா அடிச்சிட்டா பின்னாடி போக வழியில்லை, முதல்லேருந்து ஆரம்பிக்கணும். இந்தத் தொல்லைக்குத்தான் 'மெனுகான்ஃபிக்' வந்தது.

2000-ல எரிக் ரேமண்ட், சிஎம்எல்2-ன்னு ஒரு புது கான்ஃபிகரேஷன் முறையைக் கொண்டுவந்தார். அவர் ஒரு கற்பனைப் பாத்திரத்தையும் உருவாக்கினார்: டில்லி அத்தை. கம்ப்யூட்டர் பத்தி அதிகம் தெரியாத அந்த அத்தையும் தன் மெஷினுக்கு கெர்னல் கட்ட முடியணும்னு வாதாடினார். கெர்னல் டெவலப்பர்கள் பலர் ஒத்துக்கல. அத்தைக்கு எதுக்குங்க இந்த வேலை, டிஸ்ட்ரோ தர்ற கெர்னல் போதுமேன்னாங்க. சிஎம்எல்2 பைத்தான்ல இருந்ததும் ஒரு பெரிய எதிர்ப்பு. கடைசியில அது சேரவே இல்லை. 2002 அக்டோபர்ல, ரோமன் சிப்பல் எழுதிய 'கேகான்ஃபிக்' உள்ளே வந்தது. இன்னைக்கும் அதுதான்.

2009-ல 'லோக்கல்மாட்கான்ஃபிக்' வந்தது. இப்போ எந்த மாட்யூல் எல்லாம் ஓடுதோ அதை மட்டும் வெச்சுக்கிட்டு, மத்த மாட்யூல்களைக் கழிச்சிடும். ஆனா ஜாக்கிரதை: அந்த நேரத்துல பிரிண்டர் சொருகாம இருந்தா, அதோட டிரைவரும் போயிடலாம்.

சரி, என் லேப்டாப்? டிஸ்க் கன்ட்ரோலர் டிரைவருக்கு நான் 'எம்' கொடுத்திருந்தேன். பூட் ஆகும்போது மாட்யூல்களை மெமரியில ஏத்தித் தர்ற 'இனிட்ராம்எஃப்எஸ்'ஸும் வைக்கல. டிஸ்கைப் படிக்க மாட்யூல் வேணும். மாட்யூலோ அந்த டிஸ்க்குள்ளேயே இருக்கு. சாவியை வீட்டுக்குள்ள வெச்சுப் பூட்டின கதை! பழைய கெர்னலை அழிக்காம வெச்சிருந்ததால தப்பிச்சேன். அதுல பூட் பண்ணி, 'எல்எஸ்பிசிஐ'ல டிரைவர் பேரைப் பார்த்து, 'ஒய்'னு மாத்தினேன். எழுந்துடுச்சு.

டில்லி அத்தை விஷயத்துல டெவலப்பர்கள் சொன்னது பாதி சரி. எல்லாரும் கெர்னல் கட்டத் தேவையில்லை. ஆனா அஞ்சு வருஷமா மடியில வெச்சிருந்த மெஷினுக்குள்ள என்ன இருக்குன்னு எனக்கு அன்னைக்குத்தான் தெரிஞ்சது. அத்தைக்குத் தெரியணும்னு தோணுச்சுன்னா, கதவு திறந்திருக்கணும் இல்லையா? நீங்க முயற்சி பண்ணினா, பழைய கெர்னலை மட்டும் அழிச்சிடாதீங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.