கிருமிநீக்கத் துணைவிளைபொருட்கள்

கிருமிநீக்கத் துணைவிளைபொருட்கள் என்பவை, குடிநீரிலுள்ள நோய்க்கிருமிகளை அழிக்கச் சேர்க்கப்படும் குளோரின் முதலியவை நீரில் கரைந்துள்ள பிற பொருட்களுடன் வினைபுரிவதால் உண்டாகும் சேர்மங்கள் ஆகும். டிரைஹாலோமீத்தேன்களும் ஹாலோஅசிட்டிக் அமிலங்களும் இவற்றுள் முதன்மையானவை.

உருவாகும் விதம்

ஆறு, ஏரி ஆகியவற்றின் நீரில் மட்கிய இலைதழைகளிலிருந்து வரும் கரிமப் பொருட்கள் கரைந்திருக்கும். குளோரின் இவற்றுடன் வினைபுரியும்போது குளோரோஃபார்ம் போன்றவை உருவாகின்றன. நீரில் புரோமைடு இருப்பின் புரோமின் கொண்ட சேர்மங்களும் தோன்றும். வெப்பநிலையும், நீர் குழாய்களில் தங்கும் நேரமும் கூடும்போது டிரைஹாலோமீத்தேன்களின் அளவும் கூடுகிறது.

வரலாறு

நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரக் குடிநீரை ஆய்ந்த யொகான்னஸ் ரூக், குளோரின் சேர்ப்பதாலேயே குளோரோஃபார்ம் உண்டாகிறது என்பதை 1974 இல் வெளியிட்டார். அமெரிக்கா 1979 இல் டிரைஹாலோமீத்தேன்களுக்கு லிட்டருக்கு 100 மைக்ரோகிராம் என வரம்பு விதித்தது. 1998 இல் வெளியான விதி அதனை 80 ஆகக் குறைத்தது.

உடல்நல விளைவுகள்

இவை குடிப்பதால் மட்டுமன்றி, குளிக்கும்போது மூச்சின் வழியாகவும் தோலின் வழியாகவும் உடலுக்குள் செல்கின்றன. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை குளோரோஃபார்மை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் எனக் கருதப்படும் 2பி பிரிவில் சேர்த்துள்ளது. நீண்டகாலப் பயன்பாட்டிற்கும் சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கும் தொடர்பிருப்பதாகப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. எனினும் காரணத் தொடர்பு உறுதியாக நிறுவப்படவில்லை.

வாசிங்டன் நிகழ்வு

இத்துணைவிளைபொருட்களைக் குறைக்கும் பொருட்டு, அமெரிக்கத் தலைநகர் வாசிங்டனில் 2000 நவம்பரில் குளோரினுக்குப் பதிலாகக் குளோரமைன் பயன்படுத்தப்பட்டது. குளோரின் இருந்தவரை ஈயக் குழாய்களின் உட்புறத்தில் நிலைத்திருந்த ஈய டைஆக்சைடுப் படிவு, இம்மாற்றத்தால் கரையத் தொடங்கியது. ஆயிரக்கணக்கான வீடுகளின் நீரில் ஈயம், நடவடிக்கை தேவைப்படும் அளவான லிட்டருக்கு 15 மைக்ரோகிராமைத் தாண்டியது. 2004 இல் ஆர்த்தோபாஸ்பேட்டு சேர்க்கத் தொடங்கிய பின் ஈய அளவு குறைந்தது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியை ஈயம் பாதிக்கும் என்பதால், ஓர் இடரைக் குறைக்க முயன்று மற்றோர் இடர் விளைந்ததற்கு இது எடுத்துக்காட்டாகக் கூறப்படுகிறது.

இந்திய வரம்புகள்

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 10500 : 2012 தரநிலையின்படி, ஒரு லிட்டர் குடிநீரில் ஏற்கத்தக்க அளவுகள்:

* குளோரோஃபார்ம் - 0.2 மில்லிகிராம்
* புரோமோஃபார்ம் - 0.1 மில்லிகிராம்
* டைபுரோமோகுளோரோமீத்தேன் - 0.1 மில்லிகிராம்
* புரோமோடைகுளோரோமீத்தேன் - 0.06 மில்லிகிராம்

குறைக்கும் முறைகள்

* குளோரின் சேர்க்கும் முன்பே, படிகாரம் முதலியவற்றால் கரிமப் பொருட்களைத் திரளச் செய்து அகற்றுதல்
* கிளர்வுற்ற கரியால் வடிகட்டுதல்
* திறந்த பாத்திரத்தில் கொதிக்க வைத்தல். எளிதில் ஆவியாகும் டிரைஹாலோமீத்தேன்கள் இதனால் பெருமளவு வெளியேறுகின்றன

குளோரின் சேர்ப்பதைக் கைவிடுவது இவற்றுள் ஒன்றன்று. கிருமிநீக்கம் செய்யப்படாத நீரால் பரவும் வாந்திபேதி, குடற்காய்ச்சல் போன்றவற்றின் இடரோடு ஒப்பிட, துணைவிளைபொருட்களின் இடர் மிகச் சிறியது என உலக சுகாதார அமைப்பு வலியுறுத்துகிறது.