கல்லு வெச்ச பழம்

வெள்ளிக்கிழமை குந்தாரப்பள்ளி சந்தைக்கு ஆடு பார்க்கப் போனாலும், சீசனில் மாம்பழம் வாங்காமல் திரும்ப முடியாது. "கல்லு வெச்சதாண்ணா?" என்று கேட்டேன். "இல்லீங்கண்ணா, கேஸ் பழம்" என்றார் வியாபாரி. எனக்குச் சிரிப்பு வந்தது. கல்லிலிருந்து வருவதும் கேஸ்தானே!

இரண்டு கார்பன் அணுக்கள் ஒற்றைப் பிணைப்பில் சேர்ந்து, மீதிக் கைகளிலெல்லாம் ஹைட்ரஜனைப் பிடித்திருந்தால் ஈத்தேன். நிறைவுற்றது. எந்த மாங்காயையும் அது அசைக்காது. இரட்டைப் பிணைப்பானால் எத்திலீன், முப்பிணைப்பானால் அசிட்டிலீன், இவை நிறைவுறாதவை. அந்தக் கூடுதல் பிணைப்பின் எலக்ட்ரான்கள் இரு அணுக்களுக்கும் நடுவே அடங்கிக் கிடக்காமல் பக்கவாட்டில் பரவி நிற்பதால், வேறொன்றைப் பற்றிக்கொள்ளும். எத்திலீனை உணர்கிற புரதத்துக்குள் ஒரு செம்பு அயனி இருக்கிறது. பற்றுவது அதைத்தான்.

கார்பைடு கல்லில் தண்ணீர் பட்டால் அசிட்டிலீன் வரும் என்று 1862-ல் வோலர் கண்டார். 1892-ல் அமெரிக்காவில் தாமஸ் வில்சன் அலுமினியத்துக்காக முயன்றபோது மின் உலையில் தற்செயலாகக் கிடைத்தது இதே கல். பிறகு மலிவாகி விளக்குக்குப் போனது, வெல்டிங்குக்குப் போனது, கடைசியில் மாங்காய் மண்டிக்கும் வந்துவிட்டது. எத்திலீன் கதை வேறு. ஆய்வகத்தில் பட்டாணிச் செடிகள் கோணலாக வளர்வதற்கு விளக்கு வாயுவிலிருக்கும் எத்திலீனே காரணம் என்று 1901-ல் ரஷ்யாவின் நெல்யுபோவ் காட்டினார். பழமே அதை உண்டாக்குகிறது என்பதை ரிச்சர்ட் கேன் நிரூபித்தது 1934-ல். வாழைத்தாருக்கு மூட்டம் போட்ட நம்ம ஆட்கள் இதெல்லாம் தெரியாமலே புகையிலிருந்த எத்திலீனைப் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள்.

அசிட்டிலீனும் பழுக்க வைக்கும்தான். ஆனால் எத்திலீனைவிடப் பல மடங்கு வேண்டும். 2011 விதிமுறைகள் அசிட்டிலீன் வாயுவால் பழுக்க வைத்த பழத்தை விற்கக் கூடாது என்கின்றன. 2016-ல் எத்திலீனுக்கு, பத்து லட்சத்தில் 100 பங்கு வரை, அனுமதி கிடைத்தது. தடை சரிதான். ஆனால் சட்டம் பெயர் சொல்வது வாயுவை. எனக்குப் பெரிய பயம் கல்லோடு வரும் ஆர்சனிக், பாஸ்பரஸ் மாசுகள்மேல்தான். பாவம், முப்பிணைப்புக்குக் கெட்ட பேர்.

வீட்டில் அறுத்துப் பார்த்தேன். தோல் நல்ல மஞ்சள், கொட்டைப் பக்கம் வெளிறிப் புளிப்பு. கேஸ் பழமாகவே இருக்கலாம், யார் கண்டது? முற்றாத காயில் சர்க்கரையாக மாறப் போதுமான மாவுச்சத்தே சேர்ந்திருக்காது. அதை எந்தப் பிணைப்பும் இனிக்க வைக்காது. மிச்சத்தை அம்மா பச்சடிக்கு எடுத்துக்கொண்டார்.