பாட்டுக்குப் பூட்டு

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையைப் படுவான்கரை என்று மக்கள் அழைப்பர். வலையிறவுப் பாலத்தைக் கடந்தால் வவுணதீவு. அங்கிருந்து வயலும் குளமும் காடுமாக விரியும் அந்த உழவர் நிலம், வடமோடி தென்மோடிக் கூத்துகளின் தாயகங்களுள் ஒன்று. இப்பகுதியிலே கூத்துப் பழகத் தொடங்கும்போது ‘சட்டம் கொடுத்தல்’ என்றொரு சடங்கு நடைபெறும். ஒவ்வொரு கூத்தனும் பாட வேண்டிய பகுதி தனியாகப் பெயர்த்தெழுதப்பட்டு அவன் கையில் ஒப்படைக்கப்படும். அந்தப் பிரதிக்கே சட்டம் என்று பெயர். பிரதி செய்தலை அங்கே எவரும் களவு என்று கருதியதில்லை; கலையின் முதற்படி அதுவே.

இம்முறையின் பயனைச் சரித்திரம் நன்கு உணர்த்தும். 1978 நவம்பரில் வீசிய சூறாவளி மட்டக்களப்பைச் சூறையாடியது. 2007இல் போரின் காரணமாகப் படுவான்கரை மக்கள் வீடுவாசலை விட்டுப் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். ஒரேயொரு ஏட்டை நம்பியிருக்கும் கலை இத்தகைய காலங்களில் அந்த ஏட்டோடு மடிந்துபோகும். பல கைகளிலும் பல நெஞ்சங்களிலும் பிரதியாகிக் கிடக்கும் கலையோ பிழைத்துக்கொள்ளும். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962இல் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு ‘கர்ணன் போர்’ கூத்தை மேடையேற்றியபோது, மட்டக்களப்புக் கிராமத்தின் ஆட்டமும் பாட்டும் கற்றோர் அரங்கை அடைந்தன. அதற்காக எவரும் எந்தக் கொம்பனியிடமும் அனுமதிச்சீட்டு வாங்க வேண்டியிருக்கவில்லை.

இதற்கு நேர்மாறான கொள்கையொன்று உலக இசை வாணிகத்தில் தலையெடுத்த கதையை நாம் அறிந்திருத்தல் அவசியம். 1982இல் சந்தைக்கு வந்த இறுவட்டிலே பூட்டு எதுவும் இருக்கவில்லை. வாங்கியவர் விரும்பியபடி கேட்கலாம். ஒலிநாடாவிற் பதிந்தும் கொள்ளலாம். தொண்ணூறுகளின் பிற்பகுதியிலே கணினியில் இறுவட்டைப் பிரதியெடுக்கும் வசதி பரவிற்று. 1999இல் நப்ஸ்ரர் தோன்றியதும் இணையத்தின் வழியே பாடல்கள் கைமாறலாயின. இலாபம் குறையுமென அஞ்சிய கொம்பனிகள் பூட்டுகளைத் தேடின. அப்பூட்டுகள் நகைப்புக்கு இடமாயின. 2002இல் ஒருவகைப் பூட்டு, இறுவட்டின் விளிம்பிலே மைப்பேனாவால் கோடிழுத்த மாத்திரத்தில் செயலிழந்தது. 2003இல் மற்றொரு பூட்டை, விசைப்பலகையின் ஷிப்ற் விசையை அழுத்திப் பிடித்தே தவிர்த்துவிடலாம் என்று பிரின்ஸ்டன் பல்கலைக்கழக மாணவர் அலெக்ஸ் ஹால்டர்மன் எடுத்துக்காட்டினார். பூட்டைச் செய்த கொம்பனி அம்மாணவர்மீது வழக்குத் தொடரப்போவதாக மிரட்டி, பின்னர் பின்வாங்கியது.

வாசலிற் போட்ட பூட்டுப் பலிக்காதபோது, வாங்கியவர் வீட்டினுள்ளேயே ஒற்றனை இருத்தும் முயற்சி நடந்தது. சோனியும் பேர்ரெல்ஸ்மனும் 2004இல் கூட்டாக அமைத்த சோனி பீஎம்ஜி கொம்பனி, எக்ஸ்சிபி என்னும் மென்பொருளை 52 இசைத்தொகுப்புகளுடன் சேர்த்துக் கட்டி 2005இல் விற்றது. அத்தகைய இறுவட்டை விண்டோஸ் கணினியில் இட்டதும் உடன்படிக்கை ஒன்று திரையிலே தோன்றும். இணங்கியவரின் கணினியில் கொம்பனியின் இசைப்பான் நிறுவப்படும். அதனோடு மற்றொரு மென்பொருளும் இயங்குதளத்தின் அடியாழத்தில் மறைவாகக் குடிகொள்ளும் என்பதோ அவருக்குச் சொல்லப்படவில்லை. அது தன்னையும் மறைத்து, குறித்த சில எழுத்துகளுடன் தொடங்கும் எந்தக் கோப்பினையும் பாவனையாளரின் கண்ணுக்குப் படாமல் மறைத்தது. அதை நீக்குவதற்கு வழி தரப்படவில்லை. தாமாகவே நீக்க முயன்றவரின் இறுவட்டு இயக்கி செயலிழந்துபோனது. கணினிக்குட் கன்னமிடுவோர் கையாளும் இந்த உபாயத்துக்கு ரூட்கிட் என்று பெயர்.

2005 ஒக்டோபர் 31ஆம் திகதி மார்க் ருசினோவிச் என்னும் கணினி வல்லுநர் இதனை அம்பலப்படுத்தினார். நவம்பர் இரண்டாம் வாரத்துக்குள், அந்த மறைவிடத்தையே தமக்கும் மறைவிடமாக்கிக்கொண்ட தீய நிரல்கள் வெளிவந்தன. கொம்பனியின் உயர் அதிகாரி ஒருவரோ, ரூட்கிட் என்றால் என்னவென்றே பெரும்பாலோருக்குத் தெரியாதபோது அவர்கள் ஏன் கவலைப்பட வேண்டும் என்ற கருத்துப்பட வானொலியில் உரைத்தார். மக்களின் அறியாமையை முதலாக்கி வாணிகம் நடத்தும் மனப்பான்மைக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமோ? எதிர்ப்பு ஓங்கிய பின்னர் கொம்பனி வழங்கிய நீக்கற் கருவியும் கணினியிலே புதிய ஓட்டையொன்றைத் திறந்துவிட்டதைப் பிரின்ஸ்டனைச் சேர்ந்த ஆய்வாளர்கள் கண்டனர். பதிப்புரிமையைக் காக்கப் புறப்பட்ட அந்த மென்பொருளுக்குள்ளேயே, லேம் என்னும் திறந்த மூல மென்பொருளின் பகுதிகள் அதன் உரிம விதிகளுக்கு மாறாகச் சேர்க்கப்பட்டிருந்ததும் வெளிப்பட்டது. காவலனே களவெடுத்த கதை இது.

நவம்பர் நடுப்பகுதியிலே கொம்பனி அவ்விறுவட்டுகளைத் திரும்பப் பெற இணங்கியது. அதற்குள் ஏறத்தாழ 47 இலட்சம் இறுவட்டுகள் அனுப்பப்பட்டு, 21 இலட்சம் வரை விற்றுமாயின. டெக்சாஸ் மாநிலம் வழக்குத் தொடர்ந்தது. 2007 ஜனவரியில் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணைக்குழுவுடன் செய்துகொண்ட இணக்கத்தின்படி, பழுதுற்ற கணினிகளுக்கு 150 டொலர் வரை ஈடு செய்யக் கொம்பனி ஒப்புக்கொண்டது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. இணையத்திலே காசின்றிப் பாடலைப் பெற்றவனுக்கு அந்தப் பூட்டினால் யாதொரு தீங்கும் நேரவில்லை. கடைக்குச் சென்று காசு கொடுத்து வாங்கிய நேர்மையாளரின் கணினியே கெட்டது. கலைஞன் வாழ வேண்டாமா என்று சிலர் கேட்பர். வாழத்தான் வேண்டும், அண்ணாவியாருக்கும் சன்மானம் உண்டு. ஆனால் உழைப்புக்குரிய ஊதியத்தைக் கொடுப்பது வேறு. ஊதியத்தைக் கொடுத்தவர் வீட்டினுள் ஒளித்துக் காவல் வைப்பது வேறு.

நம் நாட்டுச் சட்டமும் இந்த முரண்பாட்டுக்கு விலக்கன்று. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், முறைப்படி பெற்ற பிரதியிலிருந்து ஒருவர் தம் சொந்தத் தேவைக்கு ஒரு பிரதி எடுத்துக்கொள்ள இடமளிக்கின்றது. அதே சட்டம், பிரதியெடுப்பதைத் தடுக்கும் பூட்டைக் கடப்பதற்கென்றே அமைந்த கருவிகளை விற்பனைக்காகச் செய்வதையும் இறக்குமதி செய்வதையும் குற்றமாக்குகின்றது. உரிமை ஒரு கையாற் கொடுக்கப்பட்டது. அதைப் பயன்படுத்தும் வழி மறு கையால் அடைக்கப்பட்டது.

2009இல் அப்பிள் கொம்பனியின் இணையக் கடையிலே பாடல்களுக்கு இருந்த பூட்டு அகற்றப்படலாயிற்று. பூட்டு ஒழிந்ததென அன்று பலர் மகிழ்ந்தனர். இன்றோ மாதச் சந்தாவுக்குப் பாட்டுக் கேட்கும் முறை ஓங்கியுள்ளது. சந்தாவுக்காகக் கைத்தொலைபேசியில் இறக்கிவைத்த பாடல், சந்தா நின்ற பின் வாய் திறப்பதில்லை. முன்னர் பாட்டை விற்றுவிட்டுப் பூட்டினர். இப்போது விற்பதே இல்லை, வாடகைக்கு விடுகின்றனர். வாங்கிய பொருளைப் பிள்ளைக்குக் கொடுக்கும் உரிமை பொருளோடு சேர்ந்து மறைந்துவிட்டது.

உலகம் ரூட்கிட்டைப் பற்றிப் பேசிய அதே 2005இல், ஈழத்துத் தமிழ் நூல்களை எவரும் படிக்கத்தக்கதாக இணையத்தில் இடும் நூலகம் திட்டமும் தொடங்கிற்று. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியக் கண்ட சமுதாயத்துக்குப் பிரதியின் அருமை தெரியும். ஆசிரியரும் மாணவரும் இன்று செய்ய வேண்டிய பணியும் இதுவே. தத்தம் ஊர்க் கூத்துப் பாடல்களையும் வயற் பாடல்களையும் பாடுவோரின் சம்மதத்தோடும் பெயரோடும் பதிந்து, பூட்டில்லாக் கோப்புகளாகப் பல இடங்களிலே வைக்க வேண்டும். கணினியிலே ‘இணங்குகிறேன்’ என்று அழுத்துமுன் எதற்கு இணங்குகிறோம் என்று வாசிக்க மாணவரைப் பழக்க வேண்டும். படுவான்கரையிலே சட்டம் என்பது பாடலைக் கையில் கொடுக்கும் செயலாக இருந்தது. பாராளுமன்றத்துச் சட்டமும் அப்பண்பைப் பெறவேண்டும் என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.