இரவிக்குட்டிப் பிள்ளை போர்

கரமனையாற்றைக் கடந்து நாகர்கோவில் நோக்கித் தெற்கே செல்லும் பெருவழியின் இருமருங்கிலும், வேணாட்டு மன்னர் ஆட்சிக்காலத்தில் தமிழும் மலையாளமும் கலந்து வழங்கிய தென்திருவிதாங்கூர் நிலப்பரப்பில் தோன்றிய கதைப்பாடல்களுள் முதன்மையானது இது. 1635இல் (கொல்லம் 810) கணியாகுளத்தில், மதுரைத் திருமலை நாயக்கரின் சேனையோடு பொருது மாண்ட, கேரளபுரத்தைச் சேர்ந்த வேணாட்டு மந்திரி இரவிக்குட்டிப் பிள்ளையின் சரித்திரம் இதன் பொருளாகும்.

போருக்குப் புறப்படும் வீரனை, துர்ச்சொப்பனம் கண்ட தாயும் மனைவியும் தடுத்து மன்றாட, அவன் அவர்களுக்கு மறுமொழி கூறிக் கடமையே பெரிதெனப் படியிறங்கும் பகுதியே, என் கருத்தில், பாடலின் உயிர்நாடி. சொந்த நாட்டுப் பிரபுக்களின் பொறாமையும் துரோகமும் அவனைத் தனியனாக்கின என்பதும், பகைவர் கொண்டுபோன அவன் சிரத்தைக் காளி நாயர் என்பவன் துணிந்து சென்று மீட்டுவந்தான் என்பதும் மரபு.

ஒன்பதாம் நூற்றாண்டு முதல் பதினோராம் நூற்றாண்டு வரை வாழ்ந்த குடிகளின் பகையையும் மானத்தையும் பதின்மூன்றாம் நூற்றாண்டில் உரைநடையில் எழுதிவைத்த ஐஸ்லாந்தின் சாகாக்களுடன் இதனை ஒப்பிடலாம். அங்கும் விதியை முன்னறிந்தே வீரன் அதனை எதிர்கொள்கிறான். ஆயினும் அவை தோலேடுகளில் வாசிப்புக்குரியனவாக நிலைபெற்றன. இதுவோ பாடகரின் நாவிலும் வாழ்ந்தது. டென்மார்க்கிற்குக் கொண்டுபோகப்பட்டு, 1728இல் கோபன்ஹேகன் தீயில் எரியாது தப்பிய சாகாச் சுவடிகளை ஐஸ்லாந்து மக்கள் 1971 முதல் தாயகத்திற்கு மீட்டுக்கொண்டனர். நம் கதைப்பாடல்களின் ஏடுகளுக்கும் அத்தகைய அக்கறை உரியது.