ஹெச்.ஐ.வி மாத்திரை... ரெண்டு நாள் விட்டா என்ன ஆகிடும்?

"தினமும் மாத்திரை போடுறேன். உடம்பு நல்லாத்தான் இருக்கு. ரெண்டு நாள் விட்டா என்ன ஆகிடும்?" ஹெச்.ஐ.வி சிகிச்சையில் இருப்பவர்களுக்கு எழக்கூடிய நியாயமான சந்தேகம்தான் இது. பதில், வைரஸின் மரபணுவில் இருக்கிறது.

காப்பி எடுப்பதில் பிழை!

ஹெச்.ஐ.வி-யின் மரபணுவில் சுமார் 9,700 'எழுத்துகள்' உண்டு. வைரஸ் நம் செல்லுக்குள் நுழைந்ததும், 'ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ்' என்ற நொதி அதைக் காப்பி எடுக்கும். ஆனா, பிழையைத் திருத்துற வேலை அதுக்குத் தெரியாது. சிகிச்சை எடுக்காதவர் உடலில் தினமும் சுமார் 1,000 கோடி வைரஸ்கள் உருவாவதால், எழுத்துப் பிழைகளும் குவியும். இதுதான் மியூட்டேஷன்.

ஒரு மாற்றம் போதும்

அந்த நொதியின் 103-வது அமினோ அமிலம் மாறினால் (கே103என்), எஃபாவிரென்ஸ், நெவிரபின் இரண்டுமே பலிக்காது. 184-வது இடம் மாறினால் (எம்184வி), லாமிவுடின் பெருமளவு வேலை செய்யாது. ஆச்சர்யம் என்னன்னா, இந்த இரண்டாவது மாற்றம் வைரஸின் பெருகும் வேகத்தையும் குறைத்துவிடும்.

ஏன் மூணு மருந்து?

1987-ல் முதல் மருந்தான ஏ.இஸட்.டி வந்தது. அதைத் தனியாகக் கொடுத்தபோது, வைரஸ் சீக்கிரமே தப்பிக்கக் கற்றுக்கொண்டது. 1996 வாக்கில் கூட்டு மருந்து சிகிச்சை வந்த பிறகே நிலைமை மாறியது. மூன்று மருந்துகளிடமிருந்தும் ஒரே நேரத்தில் தப்பிக்க, பல மாற்றங்கள் ஒன்றாக நடக்க வேண்டும். அது ரொம்பவே கஷ்டம். இப்போது இந்தியாவில் டெனோஃபோவிர், லாமிவுடின், டொலுடெக்ராவிர் மூன்றும் ஒரே மாத்திரையில் கிடைக்கின்றன. இதில் டொலுடெக்ராவிரை எதிர்ப்பது வைரஸுக்கு எளிதல்ல.

மிஸ் பண்ணினா?

மருந்து மியூட்டேஷனை உண்டாக்குவதில்லை. மாத்திரையை அடிக்கடி விட்டால் ரத்தத்தில் மருந்தின் அளவு குறையும், வைரஸ் மறுபடி பெருகும். அரைகுறை மருந்து சாதாரண வைரஸை அடக்கும். மாறிய வைரஸுக்கோ போட்டியே இல்லாமல் போகும். அப்படி வளர்ந்த வைரஸ் செல்களுக்குள் பல வருஷம் ஒளிந்திருக்கும். அதே மருந்தை மறுபடி கொடுத்தால் தலைதூக்கும். மற்றவருக்கும் பரவலாம்.

என்ன செய்யணும்?

ஒரு வேளை மறந்துட்டா பதற வேண்டாம். நினைவு வந்ததும் போடுங்க. ரெண்டு டோஸ் சேர்த்துப் போடாதீங்க. டி.பி மருந்து, இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரை எடுத்தால் டாக்டரிடம் சொல்லிடுங்க. அவை டொலுடெக்ராவிரின் அளவைக் குறைக்கலாம்.

'வைரல் லோடு' பரிசோதனையைத் தள்ளிப்போடாதீங்க. 1,000-ஐத் தாண்டினால், மாத்திரை ஏன் விட்டுப்போகுதுன்னு முதலில் பேசுவார்கள். மறுபரிசோதனையிலும் குறையாவிட்டால், மருந்தை மாற்றுவது பற்றி முடிவெடுப்பார்கள். நைட் ஷிஃப்ட், வாந்தி, வீட்டில் தெரிஞ்சிடுமோங்கிற பயம்... காரணம் எதுவானாலும் கவுன்சலரிடம் சொல்லலாம். அரசு ஏ.ஆர்.டி மையங்களில் சிகிச்சை இலவசம். சந்தேகம் கேட்க, 1097 என்ற இலவச எண் இருக்கிறது.